வாங்கப் போனேனா, வாங்குவதற்காகப் போனேனா?

சாவகச்சேரியிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கும் கேள்வியை முதலில் என் சொற்களில் எடுத்துவைக்கிறேன். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் அவருடைய மகள் 'ஐ வென்ற் ரு ஜஃப்னா ஃபோ பையிங் எ டிக்ஷனரி' என்று எழுதியிருக்கிறாள். ஆசிரியர் அதைச் சிவப்பு மையால் வெட்டி, ஓரத்தில் 'ஃபோவுக்குப் பின் வினை வராது' என்று குறித்துப் புள்ளியும் குறைத்திருக்கிறார். மகளோ அதே கொப்பியில் பிழையின்றி இருக்கும் வேறு இரண்டு வாக்கியங்களைக் காட்டுகிறாள்: 'திஸ் இஸ் எ மெஷின் ஃபோ மேக்கிங் ஐஸ்', 'தாங்க் யூ ஃபோ கமிங்'. தமிழில் மூன்றுக்கும் 'ஆக' என்ற ஒரே உருபுதானே வருகிறது, அப்படியிருக்க ஒன்று மட்டும் எப்படிப் பிழையாகும், குறைத்த புள்ளியைத் திருப்பிக் கேட்கலாமா என்பது தாயாரின் கேள்வி. ஆகவே, அந்த வாக்கியம் சரியா பிழையா என்பது இங்கே கேட்கப்படவில்லை. அது பிழை என்பதில் ஐயமில்லை. ஒரே தமிழ் உருபு ஆங்கிலத்துக்குப் போகும்போது ஏன் இரண்டு மூன்று வழிகளாகப் பிரிகிறது என்பதே உண்மையான கேள்வி. அது நல்ல கேள்வி. (ஆங்கிலச் சொற்களை நம் ஊர் உச்சரிப்பின்படி எழுதுகிறேன். 'டு' என்று எழுதிப் பழகியவர்கள் 'ரு' என்பதைக் கண்டு முகம் சுளிக்க வேண்டாம்.)

நான் மொழியியல் அறிஞன் அல்லன். ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்று, வடமராட்சியிலும் பின்னர் யாழ்ப்பாண நகரிலும் நீண்ட காலம் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். எனவே கீழே சொல்லுவனவற்றிற் பெரும்பகுதி எந்த இலக்கண நூலிலும் காணக்கூடியது. கொஞ்சம் மட்டும் ஆயிரக்கணக்கான கொப்பிகளைத் திருத்தியதால் வந்த என் சொந்த எண்ணம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மின்சாரம் இல்லாத காலத்தில், மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாகச் செலவழித்துப் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு கரையோரப் பாடசாலையில் ஒரு பையன் 'மை ஃபாதர் வென்ற் ரு த சீ ஃபோ கச்சிங் ஃபிஷ்' என்று எழுதித் தந்தான். நான் அதைத் திருத்தவில்லை. கொப்பியை மூடிவிட்டு, "அப்பா எங்கையடா?" என்று கேட்டேன். "மீன் பிடிக்கப் போட்டார் சேர்" என்றான். "மீன் பிடிப்பதற்காகப் போட்டார் எண்டு ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டபோது வகுப்பே சிரித்தது, யாரும் அப்படிக் கதைப்பதில்லை. அன்றுதான் எனக்கு ஒரு விடயம் விளங்கியது. பிள்ளைகள் தாங்கள் கதைக்கும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போவதில்லை. முதலில் கட்டுரைத் தமிழுக்கு ஏறி, 'பிடிக்க' என்பதைப் 'பிடிப்பதற்காக' என்று நீட்டி, பின்பு அந்த நீண்ட வடிவத்தைத் துண்டு துண்டாக மொழிபெயர்க்கிறார்கள். 'ஆக' என்பது ஃபோ ஆகிறது. 'பிடிப்பது' என்பது கச்சிங் ஆகிறது. ஆனால் வாயில் இயல்பாக வந்த 'பிடிக்க' என்ற சொல்லோ, ஆங்கிலத்தின் 'ரு கச்' என்பதற்கு ஏறத்தாழ நேர் இணை. நம் இலக்கணத்தில் அது 'செய' என்னும் வாய்பாட்டு வினையெச்சம். ஆங்கிலப் பாடநூலில் ரு சேர்ந்த இன்ஃபினிற்றிவ். ஒருவர் ஒரு செயலைச் செய்வது இன்னொரு செயலை நாடி என்றால், நாடப்படும் அந்தச் செயலை ஆங்கிலம் இந்த வடிவத்தாலேயே சொல்லும். உங்கள் மகளின் வாக்கியமும் 'அகராதி வாங்க யாழ்ப்பாணம் போனேன்' என்பதுதான்: 'ஐ வென்ற் ரு ஜஃப்னா ரு பை எ டிக்ஷனரி'. இதில் இரண்டு ரு வருவதைக் கண்டு சில பிள்ளைகள் ஒன்றை அழித்துவிடுகிறார்கள். அழிக்கக் கூடாது; முதலாவது இடத்தைச் சொல்லுகிறது, இரண்டாவது நோக்கத்தைச் சொல்லுகிறது.

அதே பையனிடம் இன்னொரு நாள் கேட்டிருந்தால் "தொழிலுக்குப் போட்டார்" என்றும் சொல்லியிருப்பான். கடலுக்குப் போவதைக் கரையில் அப்படித்தான் சொல்வார்கள். இங்கே நோக்கம் வினையாக அல்லாமல் பெயராக வருகிறது. பெயர் வந்தால் ஆங்கிலம் ஃபோவைக் கொள்ளும்: மீனுக்கு, மருந்துக்கு, காசுக்கு என்பவை 'ஃபோ ஃபிஷ்', 'ஃபோ மெடிசின்', 'ஃபோ மணி'. நான்காம் வேற்றுமையின் பொருட்டுப் பொருள் என்று தமிழில் படித்த அதே விடயந்தான். ஆகவே முதல் விதி இவ்வளவே: நோக்கம் பெயரானால் ஃபோ, வினையானால் ரு. 'ஐ கேம் ஃபோ த டிக்ஷனரி' சரி. 'ஐ கேம் ரு பை த டிக்ஷனரி' சரி. ஒரு குறும்பான விலக்கு உண்டு. வேலைக்குப் போனார் என்பதை 'வென்ற் ஃபோ வேர்க்' என்று எழுதாமல் 'வென்ற் ரு வேர்க்' என்றே எழுத வேண்டும். அங்கே வேர்க் என்பது நோக்கமாக அன்றிப் போய்ச் சேரும் இடம்போலக் கொள்ளப்படுகிறது. ஸ்கூல், சேர்ச் என்பனவும் அப்படியே.

இனி உங்கள் மகள் காட்டிய மற்ற இரண்டு வாக்கியங்கள். 'தாங்க் யூ ஃபோ கமிங்' என்பதை அவள் 'வருவதற்காக நன்றி' என்று எண்ணியிருப்பாள். நாம் அப்படியா சொல்கிறோம்? 'வந்ததற்காக நன்றி', அல்லது 'வந்ததற்கு நன்றி'. தமிழில் 'வருவதற்காக', 'வந்ததற்காக' என்ற இரண்டும் ஒரே உருபோடு முடிந்தாலும், உள்ளே இருக்கும் காலம் வேறு. ஒன்று இனி நடக்க வேண்டியதை நோக்குகிறது. மற்றது நடந்துமுடிந்ததைக் காரணமாகக் காட்டுகிறது. ஃபோவும் இங் வடிவமும் சேர்ந்து ஒருவருடைய செயலைப் பற்றி வரும்போது பெரும்பாலும் இந்தப் பின்னோக்கிய காரணத்தைச் சொல்ல வருகின்றன. பிந்தி வந்ததற்காகத் தண்டனை, உதவியதற்காகப் பாராட்டு, சொன்ன சொல்லை மறந்ததற்காக மன்னிப்பு ஆகிய எல்லாம் 'ஃபோ கமிங் லேற்', 'ஃபோ ஹெல்பிங்', 'ஃபோ ஃபொகெற்றிங்' என்ற வகை. நோக்கம் முன்னே பார்க்கும், அதற்கு ரு. காரணம் பின்னே பார்க்கும். அதற்கு ஃபோவும் இங்கும். 'அடிப்பதற்காகக் கூப்பிட்டார்', 'அடித்ததற்காகக் கூப்பிட்டார்' என்ற இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் எந்தப் பிள்ளைக்கும் இது விளங்கிவிடும். முதலாவதில் அடி இனித்தான் விழப்போகிறது.

ஐஸ் செய்யும் மெஷின் வேறு கதை. அங்கே யாரும் ஒரு நோக்கத்தோடு எங்கும் போகவில்லை, எதையும் செய்யவில்லை. ஒரு பொருள் எதற்குரியது என்பதே சொல்லப்படுகிறது. குசினியில் இருக்கும் துருவலையைக் காட்டி வெளிநாட்டில் பிறந்த பேரப்பிள்ளை 'வட் இஸ் திஸ் ஃபோ?' என்று கேட்டால், 'இற்ஸ் ஃபோ ஸ்க்ரேப்பிங் கோக்கனற்' என்று விடை சொல்லலாம். அது முற்றிலும் சரி. ஆனால் அம்மம்மா அந்தத் துருவலையில் ஏறி இருந்துவிட்டார் என்றால், அவர் அங்கே இருப்பது 'ரு ஸ்க்ரேப் கோக்கனற்'. பொருளின் பயன் என்றால் ஃபோவும் இங்கும். ஆளின் நோக்கம் என்றால் ரு. 'யூஸ்' என்ற வினை இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பதால், 'ஐ யூஸ் திஸ் நைஃப் ஃபோ கற்றிங் ஃபிஷ்', 'ஐ யூஸ் திஸ் நைஃப் ரு கற் ஃபிஷ்' என்ற இரண்டும் செல்லும். முதலாவதில் இந்தக் கத்தி மீனுக்கென்றே வைத்திருக்கும் கத்தி என்ற சாயல் சற்றுக் கூட இருக்கிறது என்று எனக்குப் படுகிறது; அதை விதியாக யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இந்த இடத்தில் மாணவரைக் குழப்பும் இன்னொரு பொறி உண்டு. 'ஹி வென்ற் ரு கொழும்பு ஃபோ ட்ரெயினிங்' என்பது சரி. அங்கே ட்ரெயினிங் இங் என்று முடிந்தாலும் அது பயிற்சி என்ற முழுப் பெயர்ச்சொல். மீற்றிங், வெடிங் என்பனவும் அத்தகையவை. முன்னால் 'த' அல்லது 'எ' போட்டுப் பார்த்து இயல்பாக நிற்கிறதா என்று சோதிக்கலாம். 'த மீற்றிங்' நிற்கும். 'த பையிங் எ டிக்ஷனரி' நிற்காது. தனக்கென ஒரு செயப்படுபொருளை நேரே பின்னால் இழுத்துக்கொண்டு வரும் இங் இன்னும் வினைத்தன்மை நீங்காதது என்று கொள்ளுங்கள்.

கேள்வி வடிவமும் பிள்ளைகளை ஏமாற்றுகிறது. 'வட் டிட் யூ கம் ஃபோ?' என்று கேட்கும்போது வாக்கியத்தின் கடைசியில் ஃபோ நிற்கிறது. எனவே விடையையும் ஃபோவில் தொடங்குகிறார்கள். எதற்கு வந்தாய் என்று கேட்டால் நாம் 'புத்தகத்துக்கு' என்றும் சொல்லலாம், 'புத்தகம் எடுக்க' என்றும் சொல்லலாம். ஆங்கிலத்திலும் அப்படியே: 'ஃபோ எ புக்' அல்லது 'ரு கெற் எ புக்'. கேள்வியின் ஃபோ, 'வட்' என்ற பெயர்ப்பண்புள்ள சொல்லோடு சேர்ந்தது. விடையில் வினை வந்தவுடன் அதற்கு அங்கே வேலை இல்லை. 'வை' என்று கேட்டால் 'பிகோஸ் ரு கெற் எ புக்' என்று இரண்டையும் பிணைத்து எழுதும் பழக்கமும் உண்டு. பிகோஸ் வந்தால் பின்னால் எழுவாயும் வினையும் உள்ள முழு வாக்கியம் வர வேண்டும்.

தமிழ் நமக்குக் கைகொடுக்காத ஓர் இடத்தையும் சொல்லியாக வேண்டும். 'மாடு உள்ளே வரப் படலையைத் திறந்தேன்' என்பது நல்ல தமிழ். திறந்தவன் நான், வருவது மாடு. செய என்னும் எச்சம் தன் வினைமுதல் வேறாக இருப்பதையும் பொறுத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் 'ஐ ஓப்பென்ட் த கேற் ரு கம் இன்' என்று எழுதினால் உள்ளே வரப்போவது நானே. வருகிறவர் வேறு என்றால் அவரை ஃபோ போட்டு முன்னால் நிறுத்த வேண்டும்: 'ஐ ஓப்பென்ட் த கேற் ஃபோ த கவ் ரு கம் இன்'. இல்லாவிட்டால் 'சோ தற் த கவ் குட் கம் இன்' என்று துணைவாக்கியமாக எழுதலாம். கவனியுங்கள், ஃபோவும் ருவும் ஒரே வாக்கியத்தில் வருகின்றன. ஆனால் ஒட்டிக்கொண்டு வரவில்லை, நடுவே ஓர் ஆள் அல்லது மாடு நிற்கிறது. உயர்தர மாணவர்கள்கூட இந்த அமைப்பைத் தவிர்த்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். அது தெரிந்துவிட்டால் வாக்கியங்கள் பாதியாகச் சுருங்கும்.

ஃபோவும் ருவும் ஒட்டி வருவதும் ஒரு காலத்தில் பிழையாக இருக்கவில்லை என்பது சுவையான செய்தி. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பழைய ஆங்கிலத்தில் ரு என்பது நம் 'கு' உருபைப் போல ஒன்றை நோக்கிச் செல்வதைக் காட்டும் முன்னிடைச்சொல். அதன்பின் வரும் வினை வேற்றுமையேற்ற பெயரைப் போலத் தனி ஈறு கொண்டிருந்தது. பிற்பாடு ஈறு தேய்ந்து ருவின் நோக்கப் பொருளும் மங்கியபோது, அதை வலுப்படுத்த முன்னால் ஃபோ சேர்ந்துகொண்டது. 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சோசரிடம் 'ஃபோ ரு' உண்டு. 1611இல் வெளிவந்த ஆங்கில வேதாகமத்திலும் உண்டு. எனவே பழைய வேதாகமம் வாசித்து வளர்ந்த யாராவது 'ஃபோ ரு சீ' என்று வாய்தவறிச் சொன்னால், அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வருவதில்லை. அயர்லாந்துப் பேச்சு வழக்குகள் சிலவற்றில் அது இன்றும் வாழ்கிறது. ஆனால் இன்றைய எழுத்து ஆங்கிலத்தில் அதற்கு இடமில்லை. பரீட்சையில் எழுதினால் பிழைதான். நம் பக்கமும் இப்படி வழக்கொழிந்த வடிவங்கள் இருக்கின்றன. நன்னூல் சொல்லும் வான், பான், பாக்கு என்ற விகுதிகள் நோக்கத்தைச் சொல்லவே வந்த வினையெச்ச விகுதிகள். 'உண்பான் வந்தான்' என்றால் உண்ண வந்தான் என்று பொருள். இன்று ஒரு பிள்ளையிடம் சொன்னால் உண்பவன் வந்தான் என்றே விளங்கிக்கொள்ளும்.

எதிர்மறை நோக்கத்துக்கு வெறும் 'நொற் ரு' போதாது. பிள்ளை எழும்பாதபடி மெல்ல நடந்தேன் என்பதை 'ஐ வோக்ட் சொஃப்ற்லி சோ அஸ் நொற் ரு வேக் த பேபி' என்றோ, 'இன் ஓர்டர் நொற் ரு' என்றோ எழுத வேண்டும். 'பி கெயார்ஃபுல் நொற் ரு ஃபோல்' என்பது விழாமல் கவனமாக இரு என்ற எச்சரிக்கை. அது கெயார்ஃபுல் என்ற சொல்லோடு வந்த அமைப்பு, ஆகவே அதை இங்கே சான்றாகக் காட்ட முடியாது. சோ அஸ் ரு, இன் ஓர்டர் ரு என்பன விண்ணப்பத்துக்கும் கட்டுரைக்கும் பொருந்தும். கடைக்குப் போன கதைக்கு வேண்டாம். கந்தோர்க் கடிதங்களில் நிறையக் காணப்படும் 'ஃபோ த பேர்பஸ் ஒஃப் பையிங்' இலக்கணப்படி சரி, ஏனெனில் இங் அங்கே ஒஃப் என்ற சொல்லுக்குக் கட்டுப்பட்டு வருகிறது. ஆனால் ஒரு சொல்லால் ஆகக்கூடிய வேலைக்கு நான்கு சொற்களைக் கூலிக்குப் பிடிப்பதுபோல இருக்கும்.

இன் ஓர்டர் ருவுக்கு வேறொரு பயன் உண்டு. அது நல்ல சோதனைக் கருவி. ருவைக் கண்ட இடமெல்லாம் நோக்கம் என்று எண்ணக் கூடாது. ஐயம் வந்தால் அதன் முன் இன் ஓர்டர் என்பதைச் சேர்த்து வாசியுங்கள். பொருள் கெடாவிட்டால் அது நோக்கம். 'ஐ வோன்ற் ரு பை' என்பதில் சேர்த்தால் வாக்கியம் உடைந்துவிடும். அங்கே 'வாங்க விரும்புகிறேன்' என்பதில் வாங்குதல் விருப்பத்தின் பொருளே. 'ஷி ரான் ரு த பஸ் ஸ்ரொப் ஒன்லி ரு ஃபைன்ட் த பஸ் கோன்' என்பதிலும் நோக்கம் இல்லை. பஸ் போய்விட்டதைக் காண்பதற்காக யாரும் ஓடுவதில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் பஸ் போய்விட்டது என்ற ஏமாற்றமான முடிவு அது. கடிதத்தின் முடிவில் வரும் 'லுக் ஃபோவேர்ட் ரு' என்பதிலுள்ள ரு வெறும் முன்னிடைச்சொல். ஆகவே அங்கே 'ஹியரிங்' என்றுதான் வர வேண்டும், 'ஹியர்' என்று வராது.

'ஐ வென்ற் அன்ட் போட்' என்று அன்ட் போட்டும் எழுதலாமா என்று மாணவர் கேட்பதுண்டு. எழுதலாம், ஆனால் பொருள் மாறும். 'வாங்கப் போனேன்' என்பவன் வாங்கினானா என்பது தெரியாது, கடை பூட்டியும் இருந்திருக்கலாம்; 'போய் வாங்கினேன்' என்பவனின் கையில் புத்தகம் இருக்கிறது. ஆங்கிலத்திலும் அதே வேறுபாடு.

இதுவரை சொன்னவற்றில் எனக்கு ஐயமில்லை. கருத்து வேறுபாடு உள்ள இடமும் ஒன்று உண்டு. 'ரு கெற் எ பாஸ்போர்ற், த ஃபோம் மஸ்ற் பி ஃபில்ட்' என்பது போன்ற வாக்கியத்தைக் கண்டிப்பான இலக்கணகாரர் ஏற்பதில்லை. பாஸ்போர்ற் பெறப்போவது படிவமா என்று கேட்பார்கள். அறிவுறுத்தல்களில் இது மிகப் பரவலாக வருகிறது, யாருக்கும் பொருள் மயங்குவதுமில்லை என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். நான் இரண்டாம் பக்கம் சாய்கிறவன். ஆனாலும் பரீட்சை எழுதும் பிள்ளைக்கு 'யூ மஸ்ற் ஃபில் த ஃபோம்' என்று ஆளைக் கொண்டுவந்து எழுதும்படியே சொல்லிக்கொடுத்தேன்.

கடைசியாகப் புள்ளி பற்றியது. திருப்பிக் கேட்க வேண்டாம். வாக்கியம் பிழை, திருத்தம் சரி. ஆனால் ஓரத்தில் எழுதப்பட்டிருக்கும் 'ஃபோவுக்குப் பின் வினை வராது' என்ற குறிப்பு அளவுக்கு மீறிச் சுருங்கிவிட்டது. அதை அப்படியே மனப்பாடம் செய்தால், மகள் நாளை நன்றிக் கடிதத்தில் சரியாக எழுதிய 'ஃபோ கமிங்' என்பதையும் தானே வெட்டிவிடுவாள். அந்தக் குறிப்பின் கீழே, 'போனதன் நோக்கத்தைச் சொல்லும்போது' என்ற சொற்களை அவளுடைய கையாலேயே பென்சிலால் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.